ஊராட்சிக்கு நூறு சதவீதம், நம் தெருவுக்கு எவ்வளவு?

கிராம சபை கூடும் நாளில் ஒரு பிளக்ஸ் பலகை வைக்க வேண்டும் என்பது நடைமுறை. ஊராட்சிக்கு வந்த பணம் இவ்வளவு, செலவான பணம் இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். 'படிவம் 30' என்று அதற்குப் பெயர். ஆட்கள் அதைக் கடந்து போய் நாற்காலி தேடுவார்கள். நின்று படிப்பவர்கள் குறைவு. படித்தாலும் நமக்குத் தேவையான ஒரு விவரம் அதில் இருக்காது. குடிநீர்ப் பராமரிப்புக்கு இத்தனை ஆயிரம், தெருவிளக்குக்கு இத்தனை ஆயிரம் என்று இருக்குமே தவிர, அந்தக் குழாய் எந்தத் தெருவில் போட்டது, அந்த விளக்கு எந்தக் கம்பத்தில் எரிகிறது என்று இருக்காது.

தொப்பூர், பாளையம்புதூர், அதியமான்கோட்டை, நாகர்கூடல் என்று நல்லம்பள்ளி ஒன்றியத்தில் எந்த ஊராட்சியை எடுத்தாலும் அது ஒற்றை ஊர் இல்லை. ஊர் ஒரு பக்கம், ஆதிதிராவிடர் குடியிருப்பு ஒரு பக்கம், அதற்கும் அப்பால் அருந்ததியர் தெரு, ஏரிக்கரையோரம் நாலு வீடு என்று பல குக்கிராமங்கள் சேர்ந்ததுதான் ஒரு ஊராட்சி. கணக்கு மட்டும் மொத்தமாக வருகிறது. ஊரில் எட்டுக் குடம் தண்ணீர், நம் தெருவில் ரெண்டு குடம் என்றால், அறிக்கையில் அது சராசரியாக ஐந்து குடமாகிவிடும். ரெண்டு குடத்துக்காரர் காணாமல் போவது அந்த இடத்தில்தான். தர்மபுரி மாவட்ட மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 16 சதவீதம் என்கிறது 2011 கணக்கெடுப்பு. சராசரி போட்டால் 16 பேரின் குறை 84 பேரின் நிறைவுக்குள் எளிதாக மறைந்துவிடும்.

இந்தக் கணக்கைக் கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று முன்பு வருடத்துக்கு நான்கு கூட்டம் நடந்தது. 2022-ல் உலக தண்ணீர் தினமான மார்ச் 22-ம், உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-ம் சேர்க்கப்பட்டு ஆறாகிவிட்டது. 500 பேருக்குள் இருக்கும் ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கூட்டம் நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் ஆட்சியர் அறிவிப்பிலேயே சொல்கிறார்கள். சும்மா சொல்லவில்லை. கோயில் திண்ணையில் கூட்டம் போட்டால் யார் உள்ளே உட்கார்வார்கள், யார் வெளியே புளியமரத்தடியில் நிற்பார்கள் என்று கிராமத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கூட்டத்தில் நடப்பது என்ன? செயலர் தீர்மானங்களை வேகமாக வாசிப்பார். கையெழுத்து நோட்டு சுற்றி வரும். "தண்ணி வருதாங்க?" என்று மேலே உட்கார்ந்திருக்கும் அதிகாரி கேட்பார். முன்வரிசையில் இருந்து "வருதுங்க" என்று பதில் வரும். பின்வரிசையில் இருக்கும் அக்கா பக்கத்தில் இருப்பவரிடம் "எங்க வருது?" என்று முணுமுணுப்பார். முதலில் சொன்ன பதில் தீர்மானப் பதிவேட்டில் ஏறிவிடும். இரண்டாவது ஏறாது.

தண்ணீர் விஷயத்தில் இந்த 'வருதுங்க'வுக்கு இருக்கும் பலம் பலருக்குத் தெரியாது. 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில், ஒரு கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் குழாய் இணைப்பு கொடுத்தாயிற்று என்று அதிகாரிகள் அறிக்கை கொடுத்தால் மட்டும் போதாது. எல்லா வீட்டுக்கும், பள்ளிக்கும், அங்கன்வாடிக்கும் குழாய்த் தண்ணீர் கிடைக்கிறது என்று கிராம சபை தீர்மானம் போட்ட பிறகுதான் அந்தக் கிராமத்துக்குச் சான்று. அதாவது நூறு சதவீதம் என்று முத்திரை குத்தும் உரிமை நம் கையில் இருக்கிறது. வந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், நாமே அந்த முத்திரையைக் குத்திவிட்டோம் என்றுதான் பொருள். பிறகு எத்தனை மனு கொடுத்தாலும், "உங்க கிராம சபையே ஒப்புக்கொண்டதே" என்று பதில் வரும்.

தர்மபுரிக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் அளவு மட்டும் பிரச்சினை இல்லை. நம் நிலத்தடி நீரில் புளோரைடு கூடுதல். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல் கறைபடும், பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகும். அதற்காகத்தான் சுமார் 1,928 கோடி ரூபாயில், ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் மேல்நிலைத் தொட்டி வரை வருகிறது. அதன் பிறகு வால்வைத் திருப்புவது டேங்க் ஆபரேட்டர். எந்தத் தெருவுக்கு முதலில், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. காவிரி நீர் குறைந்த நாளில் ஆழ்துளைக் கிணற்று நீர் தொட்டிக்கு ஏறினால், அன்று எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வந்தது என்று எந்தப் படிவத்திலும் இருக்காது. கடைசித் தெருக்காரர் குடித்தது காவிரியா போர் தண்ணீரா என்பது அவர் வீட்டுப் பிள்ளையின் பல்லில்தான் தெரியும், அதுவும் சில வருடம் கழித்து.

தொட்டியை மாதம் இரு முறை கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. தண்ணீரைப் பரிசோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையடக்கப் பரிசோதனைப் பெட்டி தர வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்திலேயே உள்ளது. புளோரைடு அளவையும் அதில் பார்க்கலாம். அந்த ஐந்து பேரில் நம் தெருப் பெண் ஒருவராவது இருக்கிறாரா, பெட்டி யார் வீட்டில் இருக்கிறது, கடைசியாகத் திறந்தது எப்போது? கிராம சபையில் கேட்கத் தகுந்த கேள்விகள் இவை. கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல் சாட்சி. 2022 டிசம்பரில் அங்கே தலித் குடியிருப்பின் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளியே தெரிய வந்தது எந்தப் பதிவேட்டாலும் அல்ல. பிள்ளைகள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் ஆட்கள் தொட்டி மேல் ஏறிப் பார்த்தார்கள்.

கணக்கை உரக்கப் படித்தால் என்ன நடக்கும் என்று காட்டியவர்கள் ராஜஸ்தானின் ஏழைக் கூலிகள். 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு ஒரு மக்கள் விசாரணையை நடத்தியது. அரசு வேலையின் வருகைப் பதிவேட்டை வாங்கி வந்து ஊரார் முன் பெயர் பெயராக வாசித்தார்கள். "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே" என்று ஆட்கள் எழுந்து நின்றார்கள். அப்படித் தொடங்கிய போராட்டம் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து சேர்ந்தது. அதே ஆண்டு வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் சமூக தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாகவே 17-ஆவது பிரிவில் எழுதி வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தணிக்கை நடக்க வேண்டும் என்று 2011 விதிகள் கூறின.

மேலே இருந்து பார்க்கும் கண்காணிப்பும் வந்தது. 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத்தளத்திலும் கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இரண்டு முறை போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், சம்பந்தமில்லாத போட்டோக்களும், போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுவதும் நடப்பதாகச் சொன்னது. போட்டோவில் இருப்பவர் யார் என்று டெல்லிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். கோட் கிரானாவில் பதிவேட்டைத் திறந்ததன் அர்த்தமும் இதுதான்.

தெருவாரியாகக் கணக்குக் கேட்டால் சாதியைக் கிளறுவதாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சில் ஒரு பங்கு நியாயம் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். 2021-22 நிதியாண்டில் நூறு நாள் வேலைக் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று மூன்றாகப் பிரித்து அனுப்ப மத்திய அரசு உத்தரவிட்டது. ஒரே வாய்க்காலில் ஒன்றாக மண் வெட்டியவர்களில் ஒரு பிரிவுக்குக் கூலி வந்தது, மறு பிரிவுக்கு வரவில்லை. பல இடங்களில் மனக்கசப்பு. கடைசியில் அந்த ஆண்டுக்குள்ளேயே முறையைக் கைவிட்டார்கள். ஆளைப் பிரித்துக் கூலி கொடுத்தது தவறு. நாம் கேட்பது அது இல்லை. ஆளைப் பிரிக்க வேண்டாம், ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கும் தெருவை எழுத்தில் காட்டுங்கள் என்கிறோம். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29-ல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. இழிவாகச் சொல்லப்பட்ட சொல் போகட்டும். சொல்லோடு சேர்ந்து அந்தத் தெருவின் குழாய்க் கணக்கும் போய்விடக் கூடாது.

கணக்குக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதிலும் இப்போது ஒரு சிக்கல். தர்மபுரி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. 2016 அக்டோபர் முதல் மூன்று ஆண்டுக்கு மேல் இப்படித்தான் இருந்தது. இதில் நம் இழப்பு தனி. தனித்தொகுதி ஊராட்சியில் ஒரு தலித் பெண் தலைவராகக் கையெழுத்துப் போடும் உரிமை, வாங்கியவர்களுக்குத்தான் அதன் விலை தெரியும். மேலவளவில் 1997 ஜூன் 30-ல் தலைவர் முருகேசன் உட்பட 6 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் 1996-லிருந்து பத்தாண்டுகள் தலைவர் நாற்காலியில் யாரையும் நிலைக்கவிடவில்லை. 2006-ல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. 2020-ல் தெற்குத்திட்டையில் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்டார். தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022-ல் 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் எடுத்த ஆய்வில், 22 இடங்களில் தலித் தலைவருக்கு நாற்காலியே இல்லை என்று தெரிந்தது. காசோலையில் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற விதியை வைத்தே பல தலைவர்களை முடக்கினார்கள்.

அந்த நாற்காலியே இப்போது காலி. தனி அலுவலர் நல்லவராகவே இருந்தாலும் அவருக்குப் பல ஊராட்சிகள். வார்டு உறுப்பினர் இல்லை, தெருவில் கை காட்டிக் கேட்க ஆள் இல்லை. ஆகவே எழுத்தில் கேட்பது முன்பைவிட அவசியம்.

கல்லூரி, மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் என்றால் 18 குடத்துக்குக் கொஞ்சம் மேல். உங்கள் தெருவில் பத்து வீட்டில் 15 நாள் எண்ணுங்கள். தண்ணீர் விட்ட நேரம், நிறுத்திய நேரம், பிடித்த குடம், அன்று எரிந்த தெருவிளக்கு, குப்பை எடுத்த நாள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முடிந்தால் ஊர்த் தெருவில் உள்ள நண்பரையும் அதே 15 நாள் எண்ணச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சராசரிக்குள் மறைந்தது வெளியே வரும். வீட்டுக்கு வீடு குப்பை வாங்கும் தூய்மைக் காவலர் உங்கள் அத்தையாகவோ சித்தியாகவோ இருக்கலாம். அவருடைய மதிப்பூதியம் எந்த மாதம் வரை வந்திருக்கிறது என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். அதுவும் ஊராட்சியின் சேவைக் கணக்குதான்.

பிறகு அடுத்த கிராம சபைக்கு முன்பே ஒரு பக்க மனு எழுதி, தனி அலுவலருக்கும் ஊராட்சிச் செயலருக்கும் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். கேட்க வேண்டிய தீர்மானம் இவ்வளவுதான்: "இந்த ஊராட்சியின் குடிநீர், தெருவிளக்கு, சாலை, கழிவுநீர், சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றின் நிலையையும் செலவையும் இனி ஒவ்வொரு கிராம சபையிலும் குக்கிராமம் வாரியாக எழுதி வைத்து வாசிக்க வேண்டும்." 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டது. அந்தப் பணத்தில் நடந்த வேலைகளையும் அதே பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். அடுத்த கூட்டத்தை நம் குடியிருப்பிலேயே நடத்தக் கேட்கவும் தடை இல்லை.

தீர்மானத்தை வாசிக்காமல் கையெழுத்து நோட்டு வந்தால், பெயருக்குக் கீழே "குக்கிராமம் வாரி கணக்கு வாசிக்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கூட்டம் முடிந்த மறுவாரம், பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தீர்மானப் பதிவேட்டின் அந்தப் பக்கத்து நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நல்லம்பள்ளி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த நகலில் உங்கள் வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.