வீட்டு இணையத்தின் வேகம்: காசைக் கொடுக்க முன் அளந்து பாருங்கள்

டென்மார்க்கில் குடியேறும் ஒரு குடும்பத்துக்கு இணையம் இன்று தண்ணீர், மின்சாரம் போன்ற ஒரு தேவையாகிவிட்டது. கொம்யூனின் கடிதம் டிஜிற்றல் போஸ்ற்றில் வருகிறது. வங்கிக் கணக்கைத் திறக்க மிற்-ஐடி வேண்டும். பிள்ளையின் பாடசாலைச் செய்திகள் ‘அவுலா’வில் வருகின்றன. ஊரில் இருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதும் இதனூடாகத்தான்.

இதனால் படுக்கையறையில் இணைப்பு மெதுவானவுடன் எம்மவர் பலர் கூடிய வேகத்துக்குச் சந்தாவை உயர்த்துகிறார்கள், அல்லது புதிய ‘மெஷ்’ பெட்டிகளை வாங்குகிறார்கள். காசு போகிறது, அறையில் வேகம் வரவில்லை. காரணம் என்ன?

மெஷ் என்பது ஒரே பெயரில் வேலை செய்யும் இரண்டு, மூன்று வைபை பெட்டிகள். முதற் பெட்டி சுவரில் உள்ள இணைப்பில் இருக்கும். மற்றவை அதனிடமிருந்து வாங்கி அறைகளுக்குக் கொடுக்கும். பெட்டிகள் தமக்குள் பேசும் இந்த வழி ஒடுங்கினால் வெளியில் எவ்வளவு வேகம் வந்தாலும் பயனில்லை.

முதலில் அளவுங்கள். மடிக்கணனியை முதற் பெட்டியுடன் வயர் மூலம் இணைத்து வேகத்தைப் பாருங்கள். பின் அதே சோதனையைத் தூர அறையில் வைபையில் செய்யுங்கள். வயரில் நீங்கள் காசு கட்டும் வேகம் வந்து, அறையில் அதன் சிறு பங்கே வந்தால் குறை வீட்டுக்குள்தான் இருக்கிறது. சந்தாவை உயர்த்தி ஆவது ஒன்றுமில்லை.

இனிச் செய்யக்கூடியவை, செலவு குறைந்ததிலிருந்து:

1. இடத்தை மாற்றுங்கள். 1960களிலும் 70களிலும் எழுந்த தொடர்மாடிகள் பல கொங்கிறீற் பலகைகளால் ஆனவை. உள்ளே இரும்புக் கம்பி உண்டு. இரண்டாவது பெட்டியை மெதுவான அறைக்குள் வைக்காதீர்கள். பாதி வழியில், கதவுப் பக்கமாக, உயரத்தில் வையுங்கள்.

2. வயர் போடுங்கள். இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள பெட்டி, வாங்குவதையும் கொடுப்பதையும் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் செய்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். இரண்டு பெட்டிகளையும் வயரால் இணைத்தால் இந்த இழப்பு இல்லை. ‘கற் 5ஈ’ வயர் 100 மீற்றர் வரை 1000 மெகாபிற் கொண்டுசெல்லும். பெட்டியின் துளையும் 1000 மெகாபிற்றுக்கு உரியதா என்று பாருங்கள். சில பழைய பெட்டிகளில் அது 100தான். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முன் விசெவேர்ட்டிடம் கேளுங்கள்.

3. அதன் பின்னரே புதிய பெட்டி. வைபை 6 2019இலும் வைபை 7 2024இலும் சான்றிதழுடன் வரத் தொடங்கின. 6 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021இல் திறக்கப்பட்டது. அது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. உங்கள் கைத்தொலைபேசியும் புதிய முறையை அறிந்திருந்தால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

எவ்வளவு வேகம் தேவை? மிகத் தெளிவான ஒரு படத்துக்கு 25 மெகாபிற் போதும். ஒரு முகம் பார்க்கும் அழைப்புக்குச் சில மெகாபிற்றே போதும். 2020க்குள் எல்லா வீடுகளுக்கும் கிடைக்கவேண்டும் என டென்மார்க் அரசு வைத்த இலக்கே 100 மெகாபிற் இறக்கமும் 30 ஏற்றமும்தான். நால்வர் உள்ள குடும்பத்துக்கு அது பெரும்பாலும் போதுமானது.

உங்கள் உரிமைகளையும் அறிந்திருங்கள். இணைப்பு ஒப்பந்தம் ஒரு குடும்பத்தை ஆறு மாதத்துக்கு மேல் கட்டிவைக்க முடியாது. இணையக் கடையில் வாங்கிய பெட்டியை 14 நாட்களுக்குள் திருப்பலாம். கடைக்கு நேரே சென்று வாங்கினால் சட்டப்படி இந்த உரிமை இல்லை, கடைக்காரர் விரும்பினால் மட்டுமே. பொருளில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுகள் வரை முறையிடலாம். உங்கள் விலாசத்தில் எந்த இணைப்புகள் உண்டு என்பதை அரசின் ‘செக் டிட் நெற்’ பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சில வீட்டுச் சங்கங்களில் இணைப்புக் கட்டணம் வாடகையோடு சேர்ந்தே வருகிறது. இரண்டு தடவை கட்டாதிருக்க முதலில் அதை விசாரியுங்கள்.

பல வீடுகளில் டெனிஷ் ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்வது பாடசாலைப் பிள்ளைதான். அந்தப் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள். விலை, கட்டுக்காலம், பெட்டி யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் பெரியவர்கள் விளங்கிக்கொண்ட பின் ஒப்பமிடுங்கள். அளந்து பார்த்த குடும்பம் பலவேளைகளில் ஒரு வயரின் விலையோடு காரியத்தை முடித்துவிடும்.