பின்னிருக்கைக்குக் கீழே ஒரு விசிறி

இலங்கையில் எந்த நகரத்துச் சந்தியில் நின்றாலும் சற்று நேரத்தில் ஒரு டொயோட்டா அக்குவா கடந்து போகும். 2011 டிசெம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சின்ன ஹைபிரிட் கார் அது. அங்கே கொஞ்சக் காலம் ஓடி, ஏலத்தில் விலைபோய், கப்பலேறி இங்கே வந்து குவிந்தது. அதற்கு முன்னும் பின்னும் பிரியஸ் வந்தது, ஹொண்டா ஃபிட் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் தனியார் கார்களுக்கு வழி திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற வண்டியையே எல்லோரும் ஓட்டினார்கள், விற்றார்கள், வாங்கினார்கள். இன்று கைமாறும் ஹைபிரிட்களில் பல பத்து வயதைத் தாண்டியவை.

வாங்க வருபவர் முதலில் கேட்பது, "பற்றரி இன்னும் எத்தனை வருடம் நிற்கும்?" என்பதுதான். அதற்கு ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். ஒரே வருடத்து இரண்டு அக்குவாக்களில் ஒன்றின் பற்றரி சோர்ந்துபோய் இருக்கும். மற்றது கவலையில்லாமல் ஓடும். எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதைவிட, பற்றரி எவ்வளவு சூட்டில் கிடந்தது என்பதே பெரும்பாலும் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். பழைய ஹைபிரிட்டின் பராமரிப்பில் பாதி, அந்தச் சூட்டைக் குறைக்கும் வேலைதான்.

இந்த இயந்திரம் எப்படி இயங்குகிறது என்று முதலில் பார்ப்போம். அக்குவாவில் 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சினோடு இரண்டு மின்மோட்டார்கள் உண்டு. மூன்றையும் இணைப்பது ஒரு பற்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள், எல்லாவற்றையும் வெளியே சூழ்ந்து உட்பக்கம் பல் வைத்த ஒரு வளையம். சின்னச் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை எஞ்சின் சுழற்றுகிறது. நடுச் சக்கரத்தோடு முதல் மோட்டார் இணைந்திருக்கிறது. வெளி வளையத்தின் சுழற்சியும் பெரிய மோட்டாரின் விசையும் சேர்ந்து ரயர்களுக்குப் போகின்றன. முதல் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலே எஞ்சினுக்கும் ரயருக்கும் இடையிலான விகிதம் மாறிவிடும். கிளட்ச் இல்லை, கியர் மாற்றம் இல்லை, தேய்ந்து அறுந்துபோகும் பெல்ட்டும் உள்ளே இல்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதும் அந்த முதல் மோட்டார்தான். அதனால் தனி ஸ்டார்ட்டர் கிடையாது, ஓல்ட்டனேட்டரும் கிடையாது. சாதாரணக் காரில் பழுதாகும் பாகங்களில் பல இதில் பிறக்கவே இல்லை. "ஹைபிரிட் என்றால் சிக்கல்" என்று பயப்படுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஹொண்டாவின் கதை வேறு. 2013இல் வந்த ஃபிட் ஹைபிரிட்டில் இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர் பெட்டி இருக்கிறது. அதற்காகவே ஜப்பானில் அந்தக் காரைப் பலமுறை திரும்ப அழைக்க நேர்ந்தது. இங்கே நான் எழுதுவது டொயோட்டாக்களைப் பற்றி.

அக்குவாவின் எஞ்சின் அட்கின்சன் முறையில் இயங்குவது. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1882இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. இன்றைய எஞ்சின்கள் அதே பலனை வேறு வழியில் பெறுகின்றன. உள்ளிழுக்கும் வால்வு தாமதமாக மூடுவதால், எரிந்த வாயு விரிவடையும் தூரம் அமுக்கத்தின் தூரத்தைவிட நீளமாகிறது. ஒரு துளி பெற்றோலிலிருந்து கூடுதல் வேலை வாங்க முடிகிறது. விலையாக இழுவை குறைகிறது. அந்தக் குறையை நிரப்பத்தான் மின்மோட்டார். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றல் பற்றரிக்குத் திரும்புகிறது, சிக்னலில் எஞ்சின் அணைகிறது. மற்றக் கார்கள் பெற்றோல் குடிக்கும் காலி வீதி நெரிசலில் இது சிக்கனமாக ஓடுவது இதனால்தான்.

பற்றரி பின்னிருக்கைக்குக் கீழே இருக்கிறது. 7.2 வோல்ட் கொண்ட 20 நிக்கல் மொடியூல்கள் வரிசையாக அடுக்கப்பட்டு 144 வோல்ட் தருகின்றன. முழுதாகச் சேர்த்தாலும் அதில் அடங்குவது நம் மின்கட்டணப் பட்டியல் கணக்கில் ஒரு யூனிட்டுக்கும் குறைந்த மின்சாரம். அதிலும் முழுவதையும் கணினி தொடுவதில்லை. ஏறத்தாழ 40 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாது, 80ஐத் தாண்டி ஏறவும் விடாது. நிக்கல் பற்றரி பத்து வருடத்தைத் தாண்டுவது இந்தக் கட்டுப்பாட்டால்தான். ஆனால் சூட்டை அந்தக் கணினியால் தடுக்க முடியாது. மின்சாரம் போய்வரும் ஒவ்வொரு தடவையும் மொடியூல்கள் சூடேறுகின்றன. நடுவில் இருப்பவற்றுக்குக் காற்று குறைவு. பெரும்பாலும் அவைதான் முதலில் சாகின்றன.

அவற்றைக் குளிர வைக்க ஒரு சின்ன விசிறி இருக்கிறது. காருக்குள் இருக்கும் காற்றைப் பின்னிருக்கை ஓரத்து வலைத்துளை வழியாக இழுத்து, மொடியூல்களுக்கு இடையே செலுத்துகிறது. பத்து வருடம் ஓடிய வண்டியில் அந்த விசிறியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதழ்களுக்கு இடையில் சாம்பல் நிறத் தூசி கம்பளிபோல இறுகியிருக்கும். இருக்கைத் துணியின் பஞ்சும் தலைமுடியும் கலந்திருக்கும். வீட்டில் நாய் வளர்த்தால் அதன் முடியும் சேரும். சில மாடல்களில் வாயில் ஒரு சிறு ஃபில்டர் உண்டு. அது அடைத்துக்கொண்டால் காற்றே போகாது. ஃபில்டர் இல்லாதவற்றில் தூசி நேரே விசிறிக்குப் போகும். விசிறி சுற்றும், சத்தமும் கேட்கும், காற்று மட்டும் வராது. ஒரு மென்மையான பிரஷ்ஷும் அரை மணி நேரமும் இருந்தால் தீரும் வேலை. வருடத்துக்கு ஒருமுறை, தூசி நிறைந்த பாதையில் ஓடுபவர்கள் இரண்டுமுறை, இதைச் செய்விக்க வேண்டும். வழக்கமான சேர்விஸ் பட்டியலில் பல கராஜ்கள் இதைச் சேர்ப்பதில்லை. நீங்களாகக் கேட்க வேண்டும். அந்தத் துளைக்கு முன்னால் பாடசாலைப் பையையோ மரக்கறிச் சாமானையோ வைத்து அடைக்காதீர்கள்.

விசிறி இழுப்பது காருக்குள் இருக்கும் காற்றை என்பதால் இன்னொரு விஷயமும் தொடர்கிறது. பெற்றோலை மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து ஓட்டுபவர்கள் நம்மில் நிறையப் பேர். சித்திரை வெயிலில் அப்படி ஓட்டும்போது பற்றரிக்குப் போவது சுடுகாற்றும் வீதித் தூசியும். ஏசி கொஞ்சம் பெற்றோல் தின்னும், உண்மைதான். அந்தச் செலவு பற்றரியின் ஆயுளுக்குக் கட்டும் பணம் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

2022இன் எரிபொருள் தட்டுப்பாடு யாருக்கும் மறந்திருக்காது. அந்த ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கீடு வைத்தார்கள். அப்படியொரு காலத்தில் ஹைபிரிட்டுக்கு இரண்டு ஆபத்துகள். பெற்றோல் தீர்ந்த பிறகும் பற்றரியில் வண்டியை நகர்த்துவது ஒன்று. எஞ்சினைச் சுழற்ற வேண்டிய மின்சாரமும் அதே பற்றரியில்தான் இருக்கிறது. அது வடிந்துவிட்டால் வீட்டுச் சார்ஜரால் ஒன்றும் செய்ய முடியாது. வாரக்கணக்கில் ஓடாமல் நிற்பது மற்றது. நிக்கல் பற்றரி சும்மா இருக்கும்போதும் சார்ஜை இழக்கும். நெரிசலில் நியூட்ரலில் போட்டுவிட்டு ஏசியோடு இருப்பதையும் தவிருங்கள். அந்த நிலையில் பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது. டிரைவிலோ பார்க்கிங்கிலோ இருங்கள். கடுகண்ணாவை போன்ற நீண்ட இறக்கங்களில் பற்றரி நிரம்பிவிடும். அப்போது டிரைவுக்கு அடுத்துள்ள எஞ்சின் பிரேக் நிலைக்கு மாற்றுங்கள். சமதரையில் அதைப் போட்டு ஓட்டினால் பெற்றோல் வீண்.

இனி மைலேஜ். அக்குவா வந்தபோது ஜப்பானியச் சோதனை முறையில் அதற்குக் கொடுத்த எண் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர். அது ஆய்வுக்கூடத்து எண். நம் வீதியில், ஏசியோடு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு அதைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். உங்கள் வண்டி உங்கள் பாதையில் வழக்கமாகத் தருவது எவ்வளவு என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் பயன். திரையில் காட்டும் சராசரியை முழுதாக நம்பாமல், தாங்கியை நிரப்பி, அடுத்தமுறை நிரப்பும்போது ஏறிய லீற்றரால் ஓடிய தூரத்தை வகுத்துப் பாருங்கள். 630 கிலோமீற்றருக்கு 30 லீற்றர் ஏறினால் 21. இந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். பாதையும் ஓட்டமும் மாறாமல் அது 17க்கு விழுந்தால் வண்டி ஏதோ சொல்ல வருகிறது.

எதைச் சொல்கிறது என்பதை மலிவானதிலிருந்து தேடத் தொடங்கலாம். ரயர் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவருகே உள்ள ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். அடுத்து எஞ்சினின் ஏர் ஃபில்டர். அதற்கடுத்தது பலர் கவனிக்காதது: பிரேக். வேகத்தைக் குறைப்பதில் பெரும்பங்கை மோட்டார் எடுத்துக்கொள்வதால் பிரேக் பாட் ஆண்டுக்கணக்கில் தேயாது. தேயாததால் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. கலிப்பரின் ஊசிகள் துருப்பிடித்து இறுகி, பாட் எந்நேரமும் டிஸ்க்கோடு உரசிக்கொண்டிருக்கும். ஓடி முடித்ததும் நான்கு ரிம்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் திருடன் அங்கேதான் இருக்கிறான்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மைலேஜ் ஏறவில்லையென்றால் பற்றரியைப் பாருங்கள். திரையில் அதன் கட்டங்கள் சில நிமிடங்களுக்குள் அடியிலிருந்து உச்சிக்கும் உச்சியிலிருந்து அடிக்கும் தாவினால் கொள்ளளவு சுருங்கிவிட்டது. பின்னாலிருந்து விசிறி ஓயாமல் இரைவதும் அறிகுறிதான். ஸ்கான் கருவி உள்ள கராஜில் மொடியூல்களின் வோல்ட்டைப் பார்க்கலாம். மேட்டில் ஏற்றும்போது எல்லாம் ஒன்றாக இறங்கினால் நல்லது. ஒன்று மட்டும் பின்தங்கினால் அது பலவீனமானது. அதை மட்டும் கழற்றி வேறொன்றைப் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். செலவு குறைவு, வண்டியும் ஓடும். ஆனால் மற்றவை எல்லாம் அதே வயதுக் கிழங்கள். அடுத்தது விழ அதிக நாள் ஆகாது. வண்டியை வைத்திருக்கப் போகிறவர் முழுத் தொகுதியையும் மாற்றுவதே நல்லது. எப்படிச் செய்தாலும் செம்மஞ்சள் நிறக் கம்பிகளை நீங்கள் தொடாதீர்கள். அவற்றில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்சாரம். பயிற்சி பெற்றவர்கள்கூட இணைப்பைத் துண்டித்துச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே கை வைப்பார்கள்.

பற்றரி என்று பயந்து ஓடுவதற்கு முன்னால் 12 வோல்ட் சின்னப் பற்றரியையும் பார்த்துவிடுங்கள். கணினியை எழுப்புவது அதுதான். அது சோர்ந்தால் 'ரெடி' விளக்கு எரியாது, திரையில் கண்டபடி எச்சரிக்கைகள் வரும். இந்தச் சின்னப் பற்றரியின் கோளாறை லட்ச ரூபாய்க் கோளாறு என்று நினைத்து வண்டியை இழுத்துப் போவோர் உண்டு. மாற்றும்போது வாயுக் குழாய் பொருத்தும் வகையையே வாங்குங்கள். அந்தப் பற்றரி காருக்குள் இருக்கிறது, சாதாரணமானதை வைக்கக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஞ்சினுக்கு 0டபிள்யூ-20 ஒயில். தடித்த ஒயில் போட்டால் மைலேஜ் குறையும். கியர் பெட்டிக்கு டொயோட்டாவின் டபிள்யூஎஸ் ஒயில் மட்டும். 'வாழ்நாள் முழுதும் மாற்றத் தேவையில்லை' என்ற பேச்சைப் பத்து வயது வண்டிக்குப் பொருத்த வேண்டாம். பற்றரி மின்சாரத்தை மோட்டார்களுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டரைக் குளிர்விக்கும் திரவத்துக்குத் தனித் தாங்கி உண்டு. அதில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெற்றோலில் 92 ஒக்டேன் போதும். இந்த எஞ்சின் ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. 95 ஊற்றினால் கூடுவது செலவுதான்.

2009இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸை வாங்குபவர் ஒன்றைக் கூடுதலாகக் கேட்க வேண்டும். அதன் 1.8 லீற்றர் எஞ்சினில் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் உள்ளே அனுப்பும் ஈஜிஆர் பாதை கரியால் அடைத்துக்கொள்ளும். அதைத் துப்புரவு செய்யாமல் விட்ட வண்டிகளில் ஹெட் கஸ்கட் போவதும் உண்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் நடுங்கித் தடதடத்தால், கூலன்ட் காரணமின்றிக் குறைந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரை நம்பி விலை பேசாதீர்கள். திருப்பி வைக்கப்பட்டவை ஏராளம். செசி இலக்கத்தை வைத்து ஜப்பான் ஏலத் தாளை எடுக்கலாம், எடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் வண்டியைப் பாருங்கள். பின்னிருக்கை ஓரத்து வலைத்துளையை விரலால் தடவிப் பாருங்கள். ஸ்கான் செய்ய விற்பவர் மறுத்தால் வேறு வண்டி தேடுங்கள். சம்மதித்தாலும் ஒரு பற்றரியின் விலையைக் கையில் தனியாக வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள். அந்தப் பணம் உங்களிடம் இல்லையென்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள்.