வழக்கிழந்த சதுரங்கத் தொடக்கமும் அதற்கான நூல் தேட்டமும்

பத்தாம் நூற்றாண்டில் பக்தாத் அவையில் புகழ்பெற்று விளங்கிய அஸ்-ஸூலி போன்ற அறபுச் சதுரங்க அறிஞர்கள், ஆட்டத் தொடக்கத்தின் அணிவகுப்பைத் ‘தஅபியா’ என்றழைத்தனர். இன்றும் சதுரங்க உலகம் அச்சொல்லைத் ‘தபியா’ என வழங்கி வருகிறது. அணிவகுப்புகளுள் சில செல்வாக்குப் பெறுவதும் சில கைவிடப்படுவதும் அன்றுதொட்டு நிகழ்வனவே.

கடலூரிலோ சிதம்பரத்திலோ பயிலும் மாணவர் ஒருவர், பிறர் ஒதுக்கிய தொடக்கம் ஒன்றை விரும்பிவிட்டால் அவர் நிலை இரங்கத்தக்கது. “அதை விட்டுவிடு” என்பதே பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கும் அறிவுரை. விடாமல் கற்பதற்கு வழியுண்டா?

காக்ரன் பலியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். இது நம் நாட்டு மண்ணில் ஆடப்பெற்றது. கல்கத்தாவில் வழக்கறிஞராயிருந்த ஜான் காக்ரன், 1848இல் மகேஷ்சந்திர பானர்ஜி என்னும் வங்காளியுடன் இதனை ஆடினார். பெட்ராஃப் தற்காப்பில் வெள்ளைக் குதிரை முதலில் ஒரு சிப்பாயை வெட்டுகிறது; விரட்டப்பட்டதும் பின்வாங்காமல், கறுப்பரசன் அருகிலுள்ள எஃப்7 சிப்பாயையும் வெட்டி உயிர்விடுகிறது. குதிரைக்கு ஈடு இரண்டு சிப்பாய்கள். அரசன் கோட்டை கட்டும் உரிமையையும் இழக்கிறான். கணக்கில் நட்டமே. ஆயினும் 1999இல் லினாரெஸ் போட்டியில் தொபலோவ் இதனைக் கிராம்னிக்குக்கு எதிராக ஆடிச் சமன் செய்தார்!

இதற்கெனத் தனிநூல் தேடி அலைவது வீண். எதிராளிக்காக எழுதப்பட்ட நூலைத் தேடுக. பெட்ராஃப் தற்காப்பைக் கறுப்புக்குக் கற்பிக்கும் ஆசிரியர், இந்தப் பலியைச் சந்திக்கும் முறையையும் சொல்லியே ஆகவேண்டும். அப்பக்கங்களைத் தலைகீழாகப் படித்தால் நமக்குப் பாடமாகும். டூயி பகுப்பைப் பின்பற்றும் நூலகங்களில் 794.1 என்னும் எண்ணில் சதுரங்க நூல்கள் அமையும். பெயர்கள் நூலுக்கு நூல் மாறுவதால் சி42 என்ற குறியீட்டைக் கொண்டு தேடுவது நலம். பெல்கிரேடிலிருந்து 1966 முதல் வெளிவந்த ‘இன்ஃபார்மன்ட்’ தொகுதிகளால் பரவிய குறியீட்டு முறை இது.

நூல் வாங்கப் பொருளில்லாதவர் வருந்த வேண்டியதில்லை. லிசெஸ் தளத்தில் காய்நிலையை அமைத்த அளவிலேயே அந்நிலையிலிருந்து ஆடப்பெற்ற ஆட்டங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கணிப்பொறியோ கறுப்புக்கே மேன்மை என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறிவிடும். அத்தீர்ப்பு பொய்யன்று, ஆனால் பத்து நிமிடக் கடிகாரத்தின் முன் திகைத்து நிற்கும் மனிதர் எங்கே தவறுவார் என்பதை அது கூறுவதில்லை. அதனைத் தோற்ற ஆட்டங்களிலிருந்தே குறித்துக்கொள்ள வேண்டும். அக்குறிப்பேடே நாளடைவில் அம்மாணவரின் நூலாகிவிடும்.

பழைய ஏட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. குதிரையைப் பலியிட்டதும் காக்ரன் மந்திரியால் அரசனைத் தாக்கினார். பிற்காலத்தார் அதனைத் தள்ளி, அரசிக்கு முன்னுள்ள சிப்பாயை இரு கட்டம் செலுத்துவதையே சிறப்பெனக் கொண்டனர். தொபலோவ் ஆடியதும் அதுவே.