இரவில் கத்தும் பெட்டைப் பூனை

சென்ற பங்குனி மாதத்தில் ஒருநாள் நள்ளிரவில், குழந்தையின் அழுகைபோலத் தொடங்கி ஓலம்போல நீண்டு ஒலித்த ஒரு குரல் எங்கள் வீட்டார் அனைவரையும் எழுப்பிவிட்டது. ஐப்பசி மழையில் வாசற்படியோரம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த நிலையில் நாங்கள் எடுத்து வளர்த்த, அப்போது ஆறு மாதமே நிறைந்திருந்த வரிப்பூனைதான், முன்னங்கால்களைத் தரையோடு தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி, வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, பின்னங்கால்களால் நின்ற இடத்தையே மிதித்து மிதித்துக் கத்திக்கொண்டிருந்தது. விஷப்பூச்சி ஏதேனும் தீண்டிவிட்டதோ என்று என் மனைவி கலங்கினாள். பூனை அழுவது வீட்டுக்கு ஆகாது என்று சொல்லி, என் தாயார் சொம்புத் தண்ணீரை அதன்மேல் வீசக் கையை ஓங்கிவிட்டார். மறுநாள் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்த கால்நடை மருத்துவர், நோயும் இல்லை, அபசகுனமும் இல்லை, பூனைக்குப் பருவம் வந்திருக்கிறது என்றார். அக்குரலின் காரணத்தை அறியாமல் அந்த வாயில்லா ஜீவனைத் தண்டிக்க இருந்தோமே என்ற வருத்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

உடலின் நியதி

பெட்டைப் பூனை நான்காம் மாதத்திலிருந்து பத்தாம் மாதத்துக்குள் பெரும்பாலும் பருவமடைந்துவிடுகிறது. பகற்பொழுது நீளும்போது பருவம் வருவது பூனையின் இயல்பாதலால், குளிர்நாடுகளில் அது பனிக்காலத்தில் அடங்கியிருக்கும்; பகலும் இரவும் பெரிதும் வேறுபடாத நம் நாட்டிலோ எந்த மாதத்திலும் பருவம் வரலாம். இந்த நிலை ஏறத்தாழ ஒரு வாரம் நீடிக்கும். நாய்க்குப் போலப் பூனைக்கு இரத்தப்போக்குக் காண்பதில்லை. ஓயாத குரலும், தரையில் புரளுதலும், கண்ட பொருளிலெல்லாம் முகத்தையும் உடலையும் உராய்தலும், உணவில் விருப்பம் குறைதலும், சில பூனைகள் சுவரிலும் திரைச்சீலையிலும் சிறுநீரைப் பீய்ச்சுதலுமே அதன் அடையாளங்கள்.

பசுவுக்கு ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒருமுறை, காளை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், சினைமுட்டை தானாகவே வெளிப்படுகிறது. பூனைக்கோ கடுவன் சேர்ந்த பின்னரே, அச்சேர்க்கையின் தூண்டுதலால், பெரும்பாலும் முட்டை வெளிப்படும். சேர்க்கை நிகழாதபோது அந்தப் பருவம் நிறைவு பெறாமல் தணிந்து, இரண்டு மூன்று வாரங்களில் மறுபடியும் தலைதூக்குகிறது. போன வாரம் அடங்கிய குரல் மீண்டும் எழுவதற்கு இதுவே காரணம். பூனையின் பிடிவாதம் என்று அதனைக் கருதுவது பெரும் பிழை.

அந்த ஒரு வாரத்தைக் கடத்தும் வழி

பருவத்தில் இருக்கும் பூனை, அதுவரை வாசற்படி தாண்டாததாக இருப்பினும், வெளியேறுவதற்கு எந்த வாய்ப்பையும் விடாது. எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள் இரவு அடுக்களை ஜன்னலைத் தாழிட மறந்தோம். விடியற்காலையில் மேனியெங்கும் புழுதியோடு அது திரும்பி வந்தது. ஒன்பது வாரங்கள் கழித்து மூன்று குட்டிகளை ஈன்றது. அக்குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு மறுபடியும் பருவம் வந்துவிட்டதைக் கண்டு நாங்கள் திகைத்தோம். ஆகவே, கதவு ஜன்னல்களைத் தாழிட்டு வைப்பதும், கம்பிகளுக்கு வலை அடிப்பதும் முதற்கடமையாகும். வெளியே கடுவன்களின் சண்டையில் பட்ட கடியின் வழியே வெறிநாய்க்கடி நோய் உள்ளிட்ட கொடிய நோய்கள் தொற்றக்கூடுமாதலால், தடுப்பூசியையும் காலத்தில் போட்டுவிடுவது அவசியம்.

வீட்டினுள்ளே, சந்தடியற்ற ஓர் அறையில் பழைய சேலை ஒன்றை மடித்துப் போட்டு, உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை வைத்து, மாலையில் கயிற்றையோ பந்தையோ காட்டி விளையாடச் செய்தால், இரவில் அது சற்றேனும் அயர்ந்து உறங்கும். தலையையும் கழுத்தையும் மெல்லத் தடவினால் சில பூனைகள் சாந்தமடையும். முதுகின் அடிப்பகுதியைத் தொடும்போது வேகம் கூடுமானால் உடனே நிறுத்திவிட வேண்டும். மணல் தட்டை அடிக்கடி சுத்தம் செய்வதோடு, சிறுநீர் பட்ட இடங்களைச் சாதாரணச் சோப்பு நீரால் கழுவி நல்ல தண்ணீரால் அலசிவிடுவது நலம். பினாயிலைத் தவிர்த்துவிட வேண்டும். பாதத்தில் ஒட்டிய அத்திரவத்தைப் பூனை நக்கும்போது அது விஷமாகி அதன் உயிருக்கே கேடு விளைவிக்கும்.

செய்யத்தகாதவை

அடிப்பதும், தண்ணீரை வீசுவதும், பட்டினி போடுவதும் அச்சத்தை மிகுவிக்குமேயன்றிக் குரலை அடக்கா. வலியென்று எண்ணிப் பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக் கொடுப்பதும் பூனைக்கு மரணத்தை விளைவிக்கக்கூடும். மனிதருக்கான தூக்க மாத்திரையும் கருத்தடை மாத்திரையும் அவ்வாறே ஆபத்தானவை. பருவத்தை ஒத்திப்போடுவதற்கென விற்கப்படும் ஹார்மோன் மாத்திரைகளும் ஊசிகளும், மார்பில் கட்டி, கர்ப்பப்பையில் சீழ், நீரிழிவு முதலிய தீங்குகளுக்கு இடங்கொடுப்பதால், அண்டைவீட்டார் சொல்லக் கேட்டு அவற்றை வாங்கிப் புகட்டுவது தகாது.

உடனே வைத்தியம் தேவைப்படும் அறிகுறிகள்

பருவக்குரலை வேறு துன்பக்குரலோடு மயங்கிக்கொள்ளாமலிருக்க, வளர்ப்பவர் ஜாக்கிரதையாகக் கவனித்தல் வேண்டும். மணல் தட்டில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் துளித்துளியாகவே வருவது, சிறுநீரில் இரத்தம் தோன்றுவது, ஒரு நாள் முழுவதும் எதையும் உண்ணாதிருப்பது ஆகியவை பருவத்தின் அடையாளங்களல்ல. பருவம் தணிந்து சில வாரங்களுக்குள், மிகுதியாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து படுத்திருப்பதும், வாந்தியெடுப்பதும், வயிறு புடைப்பதும், பிறப்புறுப்பில் சீழோ துர்நாற்றமுள்ள கசிவோ காண்பதும் கர்ப்பப்பையில் சீழ் கட்டியதன் குறிகளாக இருக்கலாம்; அப்போது ஒரு பொழுதும் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

நிலையான பரிகாரம்

சூலகங்களை, பெரும்பாலும் கர்ப்பப்பையோடு சேர்த்து, அகற்றும் கருத்தடை அறுவைச் சிகிச்சையே இந்த உபத்திரவத்துக்கு முடிவான மருந்து. பெண்ணாய்ப் பிறந்தது ஒருமுறையாவது ஈன வேண்டும் என்ற எண்ணம் இரக்கத்தில் பிறந்ததே. ஆயினும் சாஸ்திரம் அதனை ஆதரிக்கவில்லை. பூனையின் மார்புக் கட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை புற்றுநோய்த் தன்மையுடையவை. ஆறு மாதம் நிறையுமுன் சிகிச்சை பெற்ற பூனைகளுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைவதை ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. பருவத்தின்போது இரத்தக்குழாய்கள் பருத்திருப்பதால், அது தணியும்வரை பொறுத்திருந்து செய்வதையே மருத்துவர் பலரும் விரும்புவர். 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையிலோ, அவரவர் ஊருக்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையிலோ இதுபற்றி விசாரிக்கலாம்.

எங்கள் பூனைக்கு, குட்டிகள் பால்மறந்த பின்னர் இச்சிகிச்சை நடைபெற்றது. மயக்கம் தெளிந்து வீடு வந்த அன்றிரவு, முன்பு தண்ணீர் வீசக் கை ஓங்கிய என் தாயாரே அதன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, தையலை நக்க முயன்ற போதெல்லாம் முகத்தை மெல்லத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். பத்து முதல் பதினான்கு நாட்கள் தாவாமலும் தையல் நனையாமலும் பார்த்துக்கொள்வதும், பின்னர் உடல் பருக்காதபடி உணவை அளவோடு வைப்பதுமே வளர்ப்பவர் செய்ய வேண்டியவை.

ஒவ்வோர் இரவும் பதில் கிடைக்காமல் கத்திக் களைக்கும் உடலுக்கு நாம் அளிக்கக்கூடிய ஓய்வு இதுவே. உங்கள் வீட்டுக் குட்டிக்கு நான்கு மாதம் நிறைந்திருக்குமானால், அதன் முதற்குரலுக்காகக் காத்திராமல், இந்த வாரமே மருத்துவரைக் கண்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.