வளவில் கிடைத்த நந்திக்காசு யாருடையது?

கனடாச் சித்தப்பா வரும்போது ஒரு மோர்கன் டொலரைக் கையில் தந்தால் அது உங்களுடையதுதான். 1878 முதல் அடிக்கப்பட்ட அமெரிக்க வெள்ளிக்காசு அது. ஒரு பக்கம் சுதந்திர தேவியின் தலை, மறுபக்கம் சிறகு விரித்த கழுகு. நிறை 26.73 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. விற்றாலும் உருக்கிக் கொலுசு செய்தாலும் கேட்க ஆளில்லை. ஆனால் நெடுந்தீவில் உங்கள் சொந்த வளவில், தென்னம்பிள்ளைக்கு வெட்டிய கிடங்கில் வரும் பச்சை பிடித்த செப்புக்காசின் கதை வேறு.

அதைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கோடுகளால் கீறினாற்போல நிற்கும் ஆள். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே ‘சேது’ என்று இரண்டே எழுத்து. 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண அரசின், ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. கண்டியில் வைத்த கையெழுத்து தீவகத்துக் காசின் தலைவிதியை எழுதுவது வேடிக்கைதான். அதற்கு முந்திய பொருள் மண்ணுக்குள் கிடந்து வெளிப்பட்டால், காணி உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும், அரசின் சொத்து. கண்டெடுத்தவர் உடனே அறிவிக்க வேண்டும்.

கிடைத்த பொருளில் யாருக்கு எவ்வளவு என்ற வழக்கு இங்கே புதிதல்ல. நயினாதீவு அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளைக் காக்கச் சொல்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு பண்டாரத்துக்கு, முக்கால் உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. அந்த அரசன் கணக்கைக் கல்லில் வெட்டிப் பகிரங்கமாக வைத்தான். இன்றைய சட்டத்தை எங்கள் சனம் பொலிஸ் பிடிக்கும்போதுதான் முதன்முதலில் கேள்விப்படுகிறது. பயந்தே சிலர் காசை உருக்கக் கொடுத்துவிடுகிறார்கள்.

பிழைகள் வீட்டிலேயே தொடங்கும். புளி போட்டுத் தேய்த்தால் பச்சையோடு எழுத்தும் போகும். ஒன்று கிடைத்ததென்று வளவு முழுக்கக் கிண்டுவதும், உலோகம் தேடும் கருவியோடு ஆள் கூப்பிடுவதும் அனுமதியில்லா அகழ்வு. பிடிபட்டால் பிணை எடுப்பதே பெரும்பாடு. அம்மம்மாவின் பெட்டகத்தில் பரம்பரையாகக் கிடந்த ஒல்லாந்தர் சல்லி என்றாலும், அனுமதிப்பத்திரம் இல்லாமல் கட்டுநாயக்கா தாண்டக்கூடாது.

கிடைத்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். கழுவாமல், ஈரம் உலரவிட்டு, கடதாசி உறையில் போடுங்கள். உப்புக்காற்றில் திறந்து வைத்தால் செம்பு பொடியும். கிராம அலுவலருக்கும் தெரிவித்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். கையளிக்கும்போது எண்ணிக்கை, நிறை, திகதி, வாங்கியவரின் பதவி எல்லாம் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் திரும்ப வேண்டாம். பிறகு காசு எங்கே என்று தெரியவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் அதே திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தோடு அந்தப் பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள், மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.