மனத்துக்கும் பூட்டு உண்டா?

திண்டுக்கல் என்றதும் பூட்டு ஞாபகத்துக்கு வரும். அந்தப் பூட்டுக்கு அதன் சாவிதான். வேறு சாவிக்குத் திறவாது. நம் மூளையிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஒரு நரம்பணு செரட்டோனின், டோபமைன் முதலிய இரசாயனங்களைச் சுரக்கிறது; அவை அடுத்த நரம்பணுவில் தமக்கென்று அமைந்த ஏற்பிகளில் சாவிபோல் பொருந்திச் செய்தி சொல்லுகின்றன.

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தி வேர் இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் என்று கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இல் எழுதினார்கள். அதன் சத்தான ரெஸர்பினை 1952-இல் சுவிட்ஸர்லாந்து விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். அதை உட்கொண்ட சிலருக்கு மனச்சோர்வு கண்டதாக வைத்தியர்கள் குறித்தார்கள். அம்மருந்து செரட்டோனினைக் குறைக்கிறது என்பதும் 1950-களின் நடுவில் தெரிந்தது. இரசாயனம் குறைந்தால் சோர்வு என்ற கொள்கை இப்படித்தான் வளர்ந்தது.

விஷயம் அவ்வளவு எளிதன்று. மருந்து சில மணி நேரத்தில் செரட்டோனினைப் பெருக்குகிறது. மனம் தேறவோ சில வாரங்கள் ஆகின்றன. செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லையென்று 2022-இல் வெளியான ஆராய்ச்சித் தொகுப்பு ஒன்றும் கூறியது. அதனால் மருந்து வீண் என்று ஆகிவிடாது. சுக்குக் கஷாயத்தில் தலைவலி தீர்ந்தால், உடம்பில் சுக்குக் குறைந்திருந்தது என்றா சொல்கிறோம்?

உபாத்தியாயர்களான நாமும் பெற்றோரும் கவனிக்க வேண்டியது வேறொன்று. மனச்சோர்வு எப்போதும் கண்ணீரோடு வருவதில்லை. படித்தது நெஞ்சில் நில்லாமை, கவனச் சிதறல், அற்பத் தீர்மானமும் மலையாகத் தோன்றுதல் ஆகியவையும் அதன் அடையாளங்களே. கெட்டிக்காரப் பையன் பின்தங்கினால் ‘சோம்பேறி’ என்கிறோம். மருமகள் அடுப்பில் பாலை மறந்தால் ‘பொறுப்பில்லாதவள்’ என்கிறோம். தாத்தா மறந்தால் ‘வயதாயிற்று’ என்று விட்டுவிடுகிறோம். சோர்வினால் வந்த மறதியானால் சிகிச்சையில் பெரும்பாலும் தேறும். மனம் தெளிந்த பின்னும் சிலருக்கு ஞாபகசக்தி திரும்ப நாளாகும்; அதுவரை வீட்டார் பொறுமை காட்ட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் வைத்தியரிடம் போவதே முறை. திண்டுக்கல்லிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. உயிரை வெறுத்துப் பேசுகிறவர்களை ஒரு கணமும் தனியே விடலாகாது. ‘டெலி மானஸ்’ என்னும் அரசாங்க உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

சாவியைத் தேடாமல் சுத்தியலால் அடிக்கிறவனை நம் ஊரில் யாரும் பூட்டுக்காரன் என்று சொல்ல மாட்டார்கள்.