பதிவிறக்கக் கோப்புகளின் பெயரீடும் இணைய அணுகல்தன்மையும்

முன்னுரை

தமிழாய்வுக்குரிய மூலநூல்களும் இதழ்களும் ஆய்வேடுகளும் இன்று பெரிதும் பிடிஎஃப் கோப்புகளாகவே ஆய்வாளரை வந்தடைகின்றன. பார்வையுடையோர் அட்டைப்படம், பக்க அமைப்பு ஆகியவற்றைக் கொண்டும் வேண்டிய கோப்பை இனங்காண்பர். திரைவாசிப்பான் வழியே கேட்டுப் படிக்கும் பார்வை மாற்றுத்திறனாளருக்கோ பெயரே முதன்மைச் சான்றாகும். அப்பெயர் இணைப்பு உரை, கோப்புப்பெயர், ஆவணத் தலைப்பு என மூன்று இடங்களில் அமைகிறது. இம்மூன்றின் பணியை இக்கட்டுரை விளக்குகிறது.

இணைப்பு உரை

என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள், ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் தனிப்பட்டியலாகத் தரவல்லவை. பத்துக் கட்டுரைகள் கொண்ட இதழ்ப் பக்கத்தில் ஒவ்வோர் இணைப்பும் ‘பதிவிறக்கம்’ என்றே இருப்பின், அச்சொல்லே பத்து முறை ஒலிக்கும். எது எக்கட்டுரை என்பது விளங்காது. 2008இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் 2.0இன் 2.4.4ஆம் அளவுகோல், இணைப்பின் நோக்கம் அதன் உரையாலோ சூழலாலோ அறியப்பட வேண்டும் என்கிறது. உரை ஒன்றாலேயே அறியப்பட வேண்டும் என்பது 2.4.9ஆம் அளவுகோல், இது உயர்நிலையினது. ‘நெய்தல் திணைப் பாடல்களில் உப்பு வணிகம், பிடிஎஃப், 2 எம்பி’ என்னும் உரை இரண்டையும் நிறைவு செய்யும்.

கோப்புப்பெயர்

பதிவிறக்கிய பின் கோப்பு தன் பக்கத்திலிருந்து பிரிந்துவிடுகிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களுக்கு வரிசை எண்ணால் பெயரிடுகிறது. அட்டவணையோடு சேர்த்து நோக்கும்போது இம்முறை ஒழுங்கானது. கணினியில் தனித்து நிற்கும் எண்ணோ நூலைச் சுட்டாது. ஆசிரியர், நூல், ஆண்டு என்னும் வரிசையில் சிறுகோடிட்டுப் பிரித்த பெயர் இரு தேவைகளுக்கும் உதவும். நாளைக் குறிக்குமிடத்து ஐஎஸ்ஓ 8601 கூறும் ஆண்டு, மாதம், நாள் என்னும் முறை கோப்புகளைக் கால வரிசையில் நிறுத்தும்.

தமிழ் எழுத்தில் பெயரிடுவதில் இரு சிக்கல்கள் உள. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் கொள்ளும். எனவே ‘தமிழ்’ என்னும் ஐந்து குறிகள் இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறியீடாக மாறுகையில் 45 எழுத்துருக்களாக நீளும். மேலும், ஒகர உயிர்மெய்யின் துணைக்குறியை ஒரே குறியாகவும், எகரக் குறி, கால் என இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் சில தேடல்களில் இவை வேறுபடும். ஆகவே தமிழ்ப் பெயர் சுருக்கமாகவும் ஒரே குறியீட்டு முறையிலும் அமைதல் வேண்டும்.

ஆவணத் தலைப்பு

பிடிஎஃப் கோப்பினுள் தலைப்புக்கெனத் தனிப்புலம் உண்டு. 2012இல் வெளியான ஐஎஸ்ஓ 14289-1 தரம் இத்தலைப்பை வேண்டுவதுடன், சாளரத்தில் கோப்புப்பெயருக்கு மாற்றாக அதுவே தோன்ற வேண்டும் என்றும் வரையறுக்கிறது. இப்புலம் நிரப்பப்படாதபோது, பழைய வார்ப்புருவின் தலைப்பே எஞ்சி நின்று, கேட்போர் வேறு ஆவணத்தைத் திறந்துவிட்டதாக மயங்க நேரும்.

முடிவுரை

வருடிய படமாக மட்டுமே உள்ள பக்கங்களைத் திரைவாசிப்பான் படிக்க இயலாது. அக்குறையைப் பெயரீடு தீர்க்காது. எனினும் எழுத்துணரி கொண்டு உரையாக்குவதற்கும் முதலில் உரிய கோப்பு கிடைத்தாக வேண்டும். கட்டுரையைப் பதிவேற்றும்போதே இம்மூன்று பெயர்களையும் சரிபார்ப்பதை இதழ்களும் பல்கலைக்கழக நூலகங்களும் பதிப்பு நெறியாகக் கொள்ளின், பிறர் துணையின்றி மூலநூலைத் தேடிக் கண்டடையும் உரிமை பார்வையற்ற ஆய்வாளருக்கும் வாய்க்கும்.